சரக்கு மணக்காத கிழமை

கதிரையைக் கொஞ்சம் இஞ்சால இழுத்துப் போட்டு இருங்க. மெஷினுக்குக் கிட்ட வேணாம், கீழ ஊசி கிடக்கும். தேத்தண்ணியை ஆறுறதுக்குள்ள குடிச்சிடுங்க. நான் கதைக்கத் தொடங்கினா நிப்பாட்ட மாட்டன் எண்டு எங்கட ஆக்கள் சொல்லித்தான் அனுப்பியிருப்பாங்க.

பயிற்சி எல்லாம் முடிச்சு வந்திருக்கிறீங்க. எந்தக் கிழமை எந்தப் பாடம், எந்தச் செபம், ஒருத்தி அழுதா என்ன செய்யிறது, அழாட்டி என்ன செய்யிறது, எல்லாம் சொல்லித் தந்திருப்பாங்க. நல்லம். நான் அதுக்குள்ள கை வைக்க மாட்டன். என்ட கண்ணும் முழங்காலும் சேர்ந்து ராஜினாமா குடுத்திட்டுது, அதாலதான் இந்த வேலை உங்கட கைக்கு வருது. போற நேரத்தில ஒரு சமையல் கதை சொல்லி விடுறன். சிரிக்காதீங்க, சமையல் கதைதான்.

கருவைக் கலைச்ச பிறகு மனசு ஆறாம இருக்கிற பொம்பிளைக்குப் பக்கத்தில இருக்கிறது, அவ்வளவுதான் எங்கட வேலை. நாங்க டொக்டரும் இல்ல, கன்னியாஸ்திரியும் இல்ல. அதே வழியால முந்திப் போய் வந்தவங்க. நானும் போய் வந்தவள்தான், நீங்களும் அப்பிடித்தான், இல்லாட்டி இந்தக் கதிரையில இருக்க மாட்டீங்க. எங்க போனீங்க, ஆர் செய்தது எண்டு நான் கேக்கப் போறதில்ல. நீங்களும் ஒருத்தரையும் கேக்காதீங்க. சட்டம் இடங்குடுக்காத நாட்டில அந்த ஒரு கேள்வி ஒருத்தியைப் பொலிசில கொண்டுபோய் நிப்பாட்டும்.

எல்லாப் பொம்பிளையும் இதுக்காக அழுதுகொண்டிருக்கிறா எண்டும் நினைச்சுக்கொண்டு திரியாதீங்க. சிலருக்குப் புண் ஆறியிருக்கும். சிலருக்குப் புண்ணே இல்ல. வாறவளோட இருங்க, வராதவளைத் தேடிப் போய்ச் சொறிஞ்சு விடாதீங்க. பைபிளும் கையுமா ரெண்டு பேர் ஒரு வீட்டுப் படலையைத் தட்டினா, அந்த வீட்டில ஏதோ நடந்திருக்கு எண்டு ஒழுங்கை முழுக்கத் தெரிஞ்சிடும். அதுக்குத்தான் இந்தத் தையல் கடை. களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கு வாற எந்தப் பொம்பிளையும் ஒரு பிளவுஸ் துணியோட இஞ்ச ஏறலாம், ஆரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அவங்கட போன்களில என்ட பேர் 'தையல் அக்கா'. அது பொய்யும் இல்ல. பிளவுஸை நான் தைச்சுத்தான் குடுப்பன்.

அப்பிடித் துணியோட வந்தவதான் திரேசம்மா. பேரையும் ஊரையும் மாத்தித்தான் சொல்லுறன். சொல்லலாமா எண்டு சம்பந்தப்பட்ட ரெண்டு பேரிட்டயும் கேட்டுத்தான் சொல்லுறன். ஊரைத் தேற்றாத்தீவு எண்டு வைப்பம். என்னை விட வயசில கொஞ்சம் மூத்தவ. புருசன் வாவியில இறால் பிடிக்கிறவர். வந்தவ துணியை மேசையில வெச்சிட்டு, இருக்கவும் இல்ல, "நான் ஒரு பிள்ளையைக் கலைச்சனான், தங்கச்சி. எனக்கு மன்னிப்பு இருக்கா?" எண்டு கேட்டா. சந்தையில வெங்காயம் என்ன விலை எண்டு கேக்கிற மாதிரி ஒரு அவசரம்.

கிழமைக்கு ஒருக்கா வரத் தொடங்கினா. வந்தா பாவத்தைப் பற்றிச் சொல்லுவா, நரகத்தைப் பற்றிச் சொல்லுவா, பாவசங்கீர்த்தனத்தில வாய் வராம திரும்பி வந்ததைச் சொல்லுவா. தன்ட உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் வராது. நோவு இல்ல, காச்சல் இல்ல, பயம் இல்ல. இந்த வழியால போன ஒருத்தி உடம்பை மறக்கிறது லேசில்ல. எனக்கு அது ஒரு மாதிரியாத்தான் இருந்தது. ஆனா குறுக்கால கேக்கக் கூடாது எண்டு பேசாம இருந்தன்.

ஒரு நாள் நாங்க எல்லாரையும் கேக்கிற கேள்வியைக் கேட்டன். "அப்ப உங்கட அம்மா என்ன செய்தா?" ஏனெண்டா எங்கட பக்கத்துக் கதைகளில பாதிக்கு மேல ஒரு அம்மா நிப்பா. தெரிஞ்சுகொண்டு நிப்பா, இல்லாட்டித் தெரியாம நிப்பா.

திரேசம்மா மடியில இருந்த துணியை மேசையில வெச்சா. பிறகு சொன்னா, "அந்த அம்மா நான்தான், தங்கச்சி."

போனது அவட மகள். சுபா எண்டு வைப்பம். பத்தொம்பது, இருவது வயசு. விரும்பினவன் கட்டாருக்குப் போய் போன் நம்பரையும் மாத்திட்டான். தகப்பனுக்குத் தெரிஞ்சா வெட்டுவார் எண்ட பயத்தில தாய்தான் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறா. அதைச் சொல்லி முடிச்சிட்டு, "சொன்னா என்னைச் சேக்க மாட்டீங்க எண்டு பொய் சொன்னன்" எண்டு முந்தானையால முகத்தை மூடினா.

எனக்குக் கோபம் வந்தது. வராம என்ன செய்யும்? என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் ஒரு அம்மாதான். என்ட அம்மா அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்காமலே கண்ணை மூடிட்டா. அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தினை வருசம் அவட வாயைப் பாத்துக்கொண்டு திரிஞ்சன் எண்டு எனக்குத்தான் தெரியும். அதையெல்லாம் இந்த மனிசியில இறக்கி வைக்கலாம் போல கை துருதுருத்தது. அண்டைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம், "அடுத்த கிழமை வாங்க" எண்டு சொல்லி அனுப்பினதுதான்.

எங்களை நடத்தின அக்கா ஒருத்தி இருந்தா. பேர் சொல்லப்படாது எண்டு சத்தியம் வாங்கியிருக்கிறா, சொல்ல மாட்டன். அவவிட்டப் போய், "இது போனவங்கட இடம், கூட்டிக்கொண்டு போனவங்கட இடமில்ல" எண்டு கத்தினன். அக்கா கத்தி முடியுமட்டும் இருந்திட்டு, "அப்ப அந்த மனிசி எங்க போறது? இடத்தைச் சொல்லு, கொண்டுபோய் விடுறன்" எண்டா. எனக்கு இடம் தெரியல்ல. திரேசம்மா எங்களோட இருந்தா.

பிறகுதான் அவ உண்மையில எதுக்கு வந்தவ எண்டு விளங்கினது. எங்கட வழக்கம் தெரியும்தானே, மகள் கலியாணம் முடிச்சா வீடு மகளுக்கு. தாய் தகப்பன் அதே வளவுக்குள்ள பின்னுக்கு ஒரு சின்ன வீடு போட்டுக்கொண்டு போயிடுவாங்க. சுபா நல்ல ஒரு பெடியனை முடிச்சாள். முன் வீட்டில மகள், பின் வீட்டில தாய், நடுவில ஒரு கிணறு. மற்ற ஊர்களில கோவிச்சுக்கொண்ட தாயும் மகளும் ஆளுக்கொரு ஊரில இருக்கலாம். எங்கட ஊரில அது ஏலாது. காலம்பற எழும்பினா கிணத்தடியில முகத்தைப் பாத்துத்தான் ஆகணும்.

"வாளி வேணுமா எண்டு கேப்பாள்" எண்டா திரேசம்மா. "முன்னுக்கும் பின்னுக்கும் அம்மா எண்டு ஒரு சொல் இல்ல. கலைச்ச நாள்ள இருந்து அவள் என்னை அப்பிடிக் கூப்பிட்டதே இல்ல. சந்தையில ஆற்றையும் பிள்ளை 'அம்மா' எண்டு கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்கிறன், தங்கச்சி. எனக்கில்ல எண்டு தெரியும். எண்டாலும் கழுத்து திரும்புது."

அதுக்கு மேல சுபா அப்ப முழுகாம இருந்தாள். தலைப்பிள்ளை. எங்கட பக்கம் தலைப்பிள்ளைக்குத் தாய்தான் எல்லாம். அந்தப் பிள்ளை பிறக்கிற நேரத்தில எண்டாலும் மகள் தன்னை அம்மா எண்டு கூப்பிடுவாளா, அதுதான் திரேசம்மாட கேள்வி. நரகம், பாவம் எல்லாம் பிறகுதான்.

இனி நாங்க செய்த பிழையைச் சொல்லுறன். இது எங்களை மாதிரி ஆக்கள் மட்டும் செய்யிற பிழை. மற்றவங்களுக்கு இதைச் செய்யத் தெரியாது.

தவக்காலத்தில நாங்க ஒரு செப நாள் வைக்கிறது வழக்கம். வாவிக்கரையில ஒரு தெரிஞ்ச வீட்டு மண்டபம், ஒரு தாச்சி நிறைய மணல், ஆளுக்கொரு மெழுகுதிரி. மன்னிப்புக் கேக்க இருக்கிறவங்க கேட்டுத் திரியைக் கொளுத்தி மணலில குத்துவாங்க. எத்தினையோ பேருக்கு அது உதவினது. அக்காவுக்கு ஒரு ஆசை, பிள்ளை பிறக்க முந்தித் தாயையும் மகளையும் சேர்த்து வைக்கணும் எண்டு. எனக்கும் எங்களோட இருந்த மற்ற ரெண்டு பேருக்கும் அதே ஆசைதான். சுகப்பிரசவத்துக்கு ஒரு செபம் எண்டு சொல்லித் திரேசம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தா.

அந்தப் பிள்ளை வயித்தைத் தாங்கிக்கொண்டு வந்து சிரிச்ச முகத்தோட இருந்தாள். திரேசம்மா எழும்பிப் போய் அவள்ட காலடியில முழங்கால் போட்டா. "அண்டைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான் மகள். என்னை மன்னிச்சிடு" எண்டு ஓ எண்டு அழுதா.

சுபாட முகத்தில ரத்தம் இல்ல. எங்கட நாலு முகத்தையும் ஒண்டொண்டாப் பாத்தாள். கையில மெழுகுதிரியோட நாங்க நாலு பேரும் காத்துக்கொண்டு நிக்கிறம். அந்த இடத்தில ஒருத்தி வேற என்ன சொல்லலாம்? "ஓம், மன்னிச்சிட்டன்" எண்டாள். எங்களுக்குக் கண்ணீர்! ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சு, ஒருத்தி பாட்டுத் தொடங்கி, மற்றவங்க சேர்ந்து பாடி. கோயில் பாடகர் குழுவில முதல் குரல் அந்தப் பிள்ளைதான். அண்டைக்கு வாய் திறக்கல்ல. பாட்டு முடிஞ்சதும், "முடிஞ்சுதா? எனக்கு பஸ் போயிடும்" எண்டாள்.

அடுத்த கிழமை சுபா தனக்கெண்டு ஒரு புது வாளி வாங்கிட்டாள். அந்த 'வாளி வேணுமா'வும் போயிட்டுது. அதோட வாழைச்சேனையில இருக்கிற புருசன்ட தாயைப் பேறு பாக்க வரச் சொல்லிட்டாள். மருமகன் பாவம், ஒண்டும் தெரியாதவன், திரேசம்மாவிட்ட வந்து, "எங்கட அம்மா வாறா மாமி, நீங்க ஏன் இந்த வயசில கஷ்டப்படுறீங்க" எண்டு அன்பாச் சொல்லியிருக்கிறான். பெத்த தாய் பின் வளவில இருக்க, பேறு பாக்கிறது சம்பந்தி. எங்கட ஊரில அதை விடப் பெரிய அடி இல்ல.

அக்கா அண்டையோட அந்த மெழுகுதிரி வழக்கத்தையே நிப்பாட்டிட்டா. "மற்றவள்ட வாயில இருந்து நாங்க மன்னிப்பைப் பிடுங்கினம்" எண்டு சொன்னா.

ஒரு பின்னேரம் சுபா இந்தக் கடைக்கு வந்தாள். துணி இல்லாம வந்தாள். வாசலில நிண்டுகொண்டே, "என்ட கதை எத்தினை பேருக்குத் தெரியும்?" எண்டு கேட்டாள்.

இந்த மாதிரி ஒரு நிமிசம் உங்களுக்கும் வரும். அப்ப வாயில முந்திக்கொண்டு வாறது விளக்கம். நாங்களும் உன்னைப் போலதான், உன்ட நல்லதுக்குத்தான் செய்தம், கடவுள் மன்னிக்கிறவர், இப்பிடி வரிசையா வரும். எனக்கும் தொண்டை வரைக்கும் வந்தது. எல்லாத்தையும் முழுங்கிட்டு, "நாலு பேருக்கு, மகள். நாங்க செய்தது பிழை. உங்களைக் கேக்காம உங்கட கதையைத் திறந்திட்டம். இனி ஆரும் வாய் திறக்க மாட்டம்" எண்டன்.

அவள் என்னைத் திட்டத்தான் வந்தவள். திட்டுறதுக்கு ஒண்டும் மிச்சம் இல்லாமப் போக, வந்து இந்தா, நீங்க இருக்கிற கதிரையில இருந்தாள். தண்ணி குடுத்தன். குடிச்சாள்.

"அவ கூட்டிக்கொண்டு போனதுக்கு நான் கோவிக்கல்ல" எண்டாள். "நானும் போகத்தான் நினைச்சன். எல்லாரும் அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்கிறீங்க."

"பிறகு?" எண்டன். அவ்வளவுதான் கேட்டன்.

"எனக்கு ஒண்டும் சமைச்சுத் தரல்ல."

அதைச் சொல்லிட்டு அந்தப் பிள்ளை தேம்பித் தேம்பி அழுதாள். போய் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிறு பூசைக்குப் போகாட்டி ஆக்கள் கேப்பாங்க எண்டு தாய் உடுத்தி அனுப்பியிருக்கிறா. நிண்டுகொண்டு பாட்டு முழுக்கப் பாடியிருக்கிறாள், வயித்துக்குள்ள கீறுற நோவோட. வீட்ட வந்தா பேக்கரிப் பாணும் தேத்தண்ணியும். அந்தக் கிழமை முழுக்கப் பாணும் தேத்தண்ணியும். பக்கத்து வீட்டில அப்பத்தான் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்திருக்கு. அங்க சரக்கு வறுக்கிறாங்க.

சரக்கு மணம் உங்களுக்குத் தெரியும்தானே. மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, திப்பிலி எல்லாம் வறுத்து, மஞ்சளும் உள்ளியும் வெச்சு அம்மியில அரைச்சு, பால்சுறாவைப் போட்டுக் காய்ச்சினா மூண்டு வேலிக்கு அங்கால மணக்கும். பிள்ளைப்பெத்தவளுக்குத்தான் அந்தக் கறி. அந்த மணம் வந்தா ஆருக்குப் பிள்ளை எண்டு ஊர் கேக்கும். அதாலதான் திரேசம்மா அதைக் காய்ச்சல்ல. காய்ச்சியிருக்கவும் ஏலாது.

"எனக்கும் ஒரு வாய் வேணும் போல இருந்தது அன்ரி" எண்டாள் சுபா. "எனக்கும் உடம்பு பச்சைதானே. கேக்கவும் ஏலாது. நான் படுத்துக்கொண்டு அந்த மணத்தை இழுத்து இழுத்து மூக்கால சாப்பிட்டன். அவ வந்து யன்னலைச் சாத்திட்டுப் போனா."

எனக்கு அந்த மணம் தெரியும். என்ட வீட்டிலயும் அது எனக்காக மணக்கல்ல. நான் அதைச் சொல்லல்ல, ஏனெண்டா அண்டைக்கு அந்தக் கதிரை அவளுக்கு. கத்தரிக்கோலைக் கையில பிடிச்சபடி இருந்தன்.

போகும்போது கேட்டன், "இதை அம்மாவிட்டச் சொல்லலாமா?"

"வேணாம். சொல்லிச் செய்தா அது கறி மட்டும்தான். அவவுக்குத் தானா விளங்கணும்."

இப்ப நீங்க யோசியுங்க. ரெண்டு பேரும் என்ட ஆக்கள். ஒருத்தி கிழமைக்குக் கிழமை வந்து, "என்ன செய்தா அவள் கதைப்பாள் தங்கச்சி?" எண்டு கேக்கிறா. அதுக்குப் பதில் என்ட வாயில இருக்கு. சுடுசோறு வாயில வெச்ச மாதிரி, முழுங்கவும் ஏலாது துப்பவும் ஏலாது. ஓடிப் போய் அக்காட்டக் கேட்டன், ஒரு சாடை மட்டும் காட்டினா என்ன எண்டு. "கதை ஆற்ற?" எண்டா. "சுபாட" எண்டன். "அப்ப பூட்டும் திறப்பும் அவட கையிலதான். முந்தியும் திறப்பில்லாமத் திறந்துதானே இவ்வளவும்."

சரி எண்டு வந்திட்டன். ஆனா அந்த மாசங்கள் லேசில்ல. திரேசம்மா மெலிஞ்சுகொண்டு போறா. மகள்ட வயிறு பெருத்துக்கொண்டு வருது. கிணத்தடியில ரெண்டு வாளி. சில நாள் எனக்கு ஆத்திரம் வரும், ஒரு சொல் சொன்னா எல்லாம் முடிஞ்சிடுமே, ஆண்டவரே, ஏன் என்னை இந்த மனிசிக்கு முன்னால வாயில்லாதவளா இருத்தி வெச்சிருக்கிறீர் எண்டு. திரேசம்மா பாவத்தைப் பற்றிக் கதைப்பா, நான் கேப்பன். இறாலைப் பற்றிக் கதைப்பா, அதையும் கேப்பன்.

பிள்ளை பிறக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தி, ஒரு சந்தை நாள். திரேசம்மா கையில ஒரு பார்சலோட ஏறினா. "சம்பந்திதான் அரைப்பா. எண்டாலும் வாங்கிட்டன். வாங்காம வர மனசு கேக்கல்ல" எண்டு கடுதாசியை அவிழ்த்து எனக்குக் காட்டினா. மிளகு நல்லமா, திப்பிலி பழசா எண்டு பாக்கச் சொன்னா. கடை முழுக்க மணம்.

நான் திப்பிலியை எடுத்து முகர்ந்துகொண்டிருக்கிறன். அவ பேச்சு நிண்டிட்டுது. நிமிர்ந்து பாத்தா, அந்தக் கடுதாசியைப் பாத்தபடி அப்பிடியே இருக்கிறா.

"தங்கச்சி, அண்டைக்கு அவளுக்கு நான் என்ன குடுத்தன்?"

நான் திப்பிலியைக் கடுதாசியில திருப்பி வெச்சன்.

"பாண்" எண்டா. தனக்குத்தானே சொன்னா. "பாணைத்தான் குடுத்தன். பக்கத்து வீட்டில வறுத்தாங்க. ஊர் அறிஞ்சிடுமெண்டு நான் வறுக்கல்ல. மணம் வந்துகொண்டே இருந்தது. அவள் யன்னல் பக்கம் முகத்தை வெச்சுக்கொண்டு கிடந்தாள். ஆரும் எட்டிப் பாத்திடுவாங்க எண்டு நான் போய்…" கையால வாயைப் பொத்தினா. "நான் போய் யன்னலைச் சாத்தினன், தங்கச்சி."

என்னைப் பாத்தா. "இதுவா? இதுக்கா?"

நான் ஊசியில நூல் கோக்கிற மாதிரிக் குனிஞ்சிட்டன். கண் மங்கத் தொடங்கின எனக்கு எங்க நூல் கோர்க்க ஏலும்! ஓம் எண்டு தலையாட்ட என்ட கழுத்து பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆட்டல்ல. திரேசம்மா கடுதாசியைச் சுருட்டி நெஞ்சோட அணைச்சுக்கொண்டு இறங்கிப் போயிட்டா. பிளவுஸையும் விட்டிட்டுப் போயிட்டா.

அங்கால நடந்தது அவ வந்து சொன்னதுதான். பிள்ளை பிறந்தது, பொம்பிளைப் பிள்ளை. ஆஸ்பத்திரியால வந்ததும் முன் குசினியில சம்பந்தி சரக்கு வறுக்கத் தொடங்க, பின் வீட்டு அடுப்பில திரேசம்மாவும் வறுத்தா. வேலிக்கு அங்கால இருந்து ஒருத்தி, "என்னகா இது, ரெண்டு அடுப்பிலயும் மணக்குது? உங்கட மகள் இரட்டையா பெத்தவள்?" எண்டு பகிடி விட்டிருக்கிறா. திரேசம்மா, "ஓம்கா, அப்பிடித்தான் வெச்சுக்கொள்ளு" எண்டு சொல்லிட்டு அரைச்சா. இந்த முறை மணத்தை ஒளிக்கத் தேவையில்ல. முன் வீட்டில அண்டைக்குச் சாத்தின அந்த யன்னல் பக்கத்துக்கே அடுப்பை இழுத்து வெச்சுக் காய்ச்சினாவாம்.

சம்பந்தி கிணத்தடிக்குப் போன நேரம் பாத்து, கோப்பையில சோறும் கறியும் போட்டுக்கொண்டு போய் மகள்ட கட்டிலடியில வெச்சா. முழங்கால் போடல்ல, அழல்ல. "இது இந்தப் பிள்ளைக்கில்ல மகள். மற்றதுக்கு. பிந்திப்போச்சு" எண்டா. சொல்லிட்டு வாசலுக்கு வெளியில போய், நிலையைப் பிடிச்சுக்கொண்டு, முற்றத்தைப் பாத்தபடி நிண்டா. உள்ள போகவும் ஏலாது, விட்டிட்டுப் போகவும் ஏலாது.

கோப்பை அசையிற சத்தம் கேட்டிருக்கு. பிறகு சாப்பிடுற சத்தம். பிள்ளை சிணுங்கியிருக்கு, அதுக்கும் நிக்கல்ல. கனநேரம்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."

"நான் பின்னுக்குத் திரும்பிப் பாத்தன், தங்கச்சி" எண்டா திரேசம்மா. "வேற ஆரும் நிக்கிறாங்களா எண்டு. ஒருத்தரும் இல்ல. என்னைத்தான்."

இந்தக் கதைக்கு என்ன பாடம் எண்டு உங்கட பயிற்சிக் கொப்பியில எழுதப் பாக்காதீங்க. வேணுமெண்டா இவ்வளவு சொல்லுறன். வாறவ எதுக்கு மன்னிப்புக் கேக்கிறாவோ, மற்றவளுக்குப் புண் அங்க இருக்கணும் எண்டில்ல. அது எங்க இருக்கெண்டு தெரிஞ்சாலும், அவ தானாக் கண்டுபிடிக்கும் வரைக்கும் பக்கத்தில வாயை மூடிக்கொண்டு இருக்கணும். செபம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறாங்க. வாயை மூடிக்கொண்டிருக்க ஆள் கிடைக்கிறது கஷ்டம். அதுக்குத்தான் உங்களை எடுத்திருக்கு.

இன்னும் கொஞ்சம் இருக்கு, இருங்க.

இதையெல்லாம் சொல்லத் திரேசம்மா வந்த நாள் கையில ஒரு தூக்குச்சட்டி. பிளவுஸ் எடுக்க வந்தவ எண்டு நினைச்சன். கதை சொல்லி முடிச்சு, கண்ணைத் துடைச்சிட்டு, கடைக் கதவை உள்ளால சாத்தினா. தூக்குச்சட்டியைத் தையல் மேசையில வெச்சு மூடியைத் திறந்தா. அந்த மணம்.

"மூண்டு பங்காத்தான் அரைச்சன்" எண்டா. "ஒண்டு இந்தப் பிள்ளைக்கு. ஒண்டு மற்றதுக்கு. உங்கட அம்மா கதைக்காமலே போயிட்டா எண்டு நீங்கதானே ஒருநாள் சொன்னீங்க. கதைக்காதவ இதையும் காய்ச்சியிருக்க மாட்டா. சாப்பிடுங்க."

"இந்த வயசில எனக்கெதுக்கு?" எண்டன். என்ட குரல் எனக்கே வேற ஆற்றையோ குரல் மாதிரிக் கேட்டது.

அவ துணித் துண்டுகளை ஒதுக்கிட்டு, கோப்பையில சோத்தைப் போட்டு, கறியை ஊத்தி என்ட கையில தந்தா. சாப்பிட்டன். மிளகு கூடிப்போச்சு, கண்ணால தண்ணி வழியுது. உறைப்புத்தான் எண்டு சொன்னன். ஓம் உறைப்புத்தான் எண்டு அவவும் சொன்னா. கோப்பை வெறுமையாகுமட்டும் பக்கத்தில நிண்டா. வழமையா என்னைத் தங்கச்சி எண்டுதான் கூப்பிடுவா.

"இன்னும் கொஞ்சம் போடவா, மகள்?" எண்டு கேட்டா.

கோப்பையை நீட்டினன்.